வாங்க என்று சொல்லக் கூடாத வாரம்

என் மனைவி எல்.கே.ஜி. டீச்சர். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். பிள்ளைகளிடம் கத்திக் கத்திக் குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. ஒரு டாக்டர் அறுத்து எடுத்தார். கட்டி போனது, அறுத்த இடத்தில் தழும்பு விழுந்து, கூடவே குரலும் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜி.எஸ்.டி. சாலையில் வேறொரு ஆஸ்பத்திரி டாக்டர்தான் லேசர் பற்றிச் சொன்னார். "கத்தி வெக்க மாட்டோம்மா. மூக்கு வழியா மெல்லிசா குழாய் விட்டு, பச்சை லைட்டைத் தழும்பு மேல விட்டு விட்டு அடிப்போம். தழும்பு கொஞ்சம் இளகும். ஆனா புதுசு. எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன்."

"சுட்டுடாதா சார்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

லேசர் முடிந்து வெளியே வந்ததும் கட்டளை போட்டார். ஒரு வாரம் பேசவே கூடாது. ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுப்பதும் கூடாது. புண் ஆறும்போது நாண்கள் உரசினால் மறுபடி தழும்பு விழலாம்.

அவள் பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். நான் லீவு போட்டு வாசலில் நாற்காலியுடன் உட்கார்ந்தேன். எனக்குப் பயமெல்லாம் விருந்தாளிகள்மேல்தான். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாவிட்டால், அப்புறம் என்ன பலகாரம் வைத்தாலும் எடுபடாது. கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா ஒருமுறை வந்தபோது, அடுக்களையில் இருந்த இவள், அக்கா வந்தது காதில் விழாததால் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதை அக்கா ஒரு கல்யாணம் விடாமல் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதனால் யார் வந்தாலும் நானே "வாங்க, வாங்க" என்பேன். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. பின்னால் நின்று அவள் கை கூப்புவாள்.

நாலாம் நாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சோப்பு. கேட் திறக்கும் சத்தம். உடனே,

"வாங்க அண்ணி."

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட குரல். கரகரப்பே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; தழும்புதான் நினைவுக்கு வந்தது. துண்டோடு ஓடிவந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன்கா, போன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

விஷயம் புரிந்ததும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அவ வாங்கன்னு சொல்லலன்னா நான் என்னடா கோச்சுக்கவா போறேன்?"

நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என் மனைவி சிலேட்டில், "தானா வந்துடுச்சு" என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குரல் நிஜமா, குளியலறைச் சுவர் செய்த மாயமா? நிஜமென்றால், அதுதான் கடைசியா? இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் குழாயை விட்டு டி.வி.யில் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு வார்த்தைதானே?"

"ரெண்டு சார்."

"ஒண்ணும் ஆகல. தழும்பு இளகியிருக்கு. பழைய குரல் முழுசா வருமான்னு போகப் போகத்தான் தெரியும். எங்க, 'ஈ' சொல்லுங்கம்மா."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, அவள் விடவில்லை. கண்ணெல்லாம் பயம். மறுபடி கேட்டார், மறுபடியும் அப்படியே. "வீட்ல போய் நிதானமா பேசட்டும்," என்றார்.

ஆட்டோவில் வழியெல்லாம் அவள் சிலேட்டை மடியிலேயே வைத்திருந்தாள். தழும்பு விட்டுவைத்ததைப் பயம் தின்றுவிடுமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீடு வந்தது. அவள் பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போனாள். நான் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் திரும்பி நின்று என்னைப் பார்த்தாள்.

"வாங்க."

ஓரத்தில் கொஞ்சம் கரகரத்தது. ஒரு காலில் செருப்போடு, என் வீட்டு வாசலிலேயே நின்று அழுதேன்.