பனிக்குள் அண்ணியின் இருமல்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமல்ல, இருமல். பிற்பகலானால் மேட்டுத் தேயிலைக் காட்டிலிருந்து பனி இறங்கி எங்கள் லயத்து வீட்டு வரிசையை மூடிவிடும். எதிர்வீட்டு வாசல்கூடத் தெரியாது. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஓர் இருமல் கேட்கும். ஈரமான, ஆழமான இருமல். சரிவில் பட்டுத் திரும்பி அது இன்னொரு பக்கத்திலிருந்தும் வரும். ஒரே ஆள் இரண்டு இடங்களில் நின்று இருமுவது போலிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். சற்று நேரம் கழித்துத்தான் பனியிலிருந்து அண்ணி வெளியே வருவார், தொழிற்சாலை உடுப்பில், வாயைத் துண்டால் பொத்தியபடி.

அண்ணிக்குச் சொந்த ஊர் கோலா தெர்லா. அங்கே காய்கறி ஏற்றப்போன என் அண்ணன், அவரை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்கு அவர் சேர்ந்தார். இருமல் பிறந்ததிலிருந்தே உண்டு என்றார். சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய்க் கிருமி இல்லை என்று சொன்னார்களாம். நெஞ்சைப் படம் எடுக்க மலையிறங்கி ஈப்போவுக்குப் போகச் சொன்னபோது அவருடைய பிறந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. அம்மா இதையெல்லாம் நம்பவில்லை. அண்ணிக்கென்று ஒரு தட்டும் குவளையும் தனியாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் அண்ணிக்கு அடுத்த இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும். பாட்டு வரும்போது அண்ணி, இருமல் வந்துவிடுமோ என்று வெறுமனே வாயசைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் எழவே இல்லை. அண்ணன் லோரியோடு கோலாலம்பூர் போயிருந்தான். நான் பிரிஞ்சாங் டவுனில் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தேன். அன்று எனக்கு விடுமுறை. மதியம் கஞ்சி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது இருமல் சத்தம் இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணியின் உதடு நீலமாகியிருந்தது. கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன். அசைவில்லை.

அம்மா ஓடிவந்தார். அண்ணியைத் தொடவே தயங்குகிறவர், அன்று அவருடைய இடப்பக்க மார்பில் காதை அழுத்தி வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"நெஞ்சு அடிக்கலம்மா. போயிட்டா" என்றார் என்னிடம்.

பக்கத்து வீட்டு அக்காவும் வந்து அதே இடத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்னுமே இல்லலா" என்று பின்வாங்கினார். நாடி பார்க்கத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. அம்மா அழுதுகொண்டே தாடையைக் கட்ட வெள்ளைத் துணி தேடினார். அக்கா பாதிரியாருக்குப் போன் செய்ய வெளியே போனார். திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்து கட்டில் காலடியில் நின்றது.

வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றலாம் என்று நான் அண்ணியைத் தூக்கினேன். என் உள்ளங்கை அவருடைய வலப்பக்க விலாவின் மேல் பட்டது. உள்ளே யாரோ தட்டினார்கள். கையை எடுத்துவிட்டேன். பயத்தில் என் உடம்புதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் தட்டியது, மெதுவாக, இருக்கக்கூடாத இடத்தில். துணியோடு நின்ற அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். அம்மா "ஏசுவே" என்று அலறிக் கையை உதறினார். அப்போது அண்ணியின் தொண்டைக்குள் சளி கொரகொரவென்று உருண்டது.

காய்கறி வேன் ஒன்றை மறித்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, அது திருப்பி வைக்கப்பட்டதோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். இரண்டாவது படமும் அப்படியேதான் இருந்தது. எங்களை அழைத்துத் தமிழிலேயே விளக்கினார். "நமக்கெல்லாம் வலது நுரையீரல்ல மூனு மடல், இடதுல ரெண்டு. இதயத்துக்கு எடம் விட்டு இடது பக்கம் கொஞ்சம் சின்னதா இருக்கும். இவங்களுக்கு எல்லாமே கண்ணாடில பாக்குற மாதிரி மாறியிருக்கு. இதயம் வலது பக்கம்."

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுமாம். அண்ணிக்கு அவை பிறவியிலிருந்தே சரியாக அசையவில்லை. கரு உருவாகும்போது எந்த உறுப்பு எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதிலும் அதே மாதிரி இழைகளுக்குப் பங்குண்டாம். தேங்கிய சளியில் கிருமி சேர்ந்து சேர்ந்து, குழாய்கள் தொய்ந்து அகன்றுவிட்டன. இப்போது நிமோனியாவும் பிடித்திருக்கிறது.

"ஒட்டிக்குமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"பொறவிக் கோளாறும்மா. யாருக்கும் ஒட்டாது."



அண்ணி பிழைத்து வந்தார். தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் குழித்து முதுகில் தட்டிச் சளியை இறக்க ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தார்கள். காலையில் நான் தட்டுவேன். நான் கல்யாணமாகிப் போன பிறகு அம்மா தட்டினார். தட்டிக்கொண்டே இருவரும் ஊர்க்கதை பேசுவார்களாம். அண்ணிக்கு ஆயுள் கிடைத்தது. ஆனால் நுரையீரல் ஆண்டுக்காண்டு தளர்ந்தது. கடைசியில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. போன மழைக்காலத்தில், அதே ஆஸ்பத்திரியில், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே அவர் மூச்சு நின்றது. இம்முறை எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் வீட்டில் சவப்பெட்டியை மூட அம்மா விடவில்லை. பாதிரியார் ஜெபம் முடித்துவிட்டார். தூக்குகிறவர்கள் வாசலில் நின்றார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் கெடந்தா. கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மா.

வீடு முழுக்க ஆட்கள் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். அண்ணியின் மார்பு மேல் கிடந்த பூக்களையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முறை அவை அசைந்ததாக எனக்குத் தோன்றியது. அண்ணனும் அதைப் பார்த்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. காற்றாகத்தான் இருக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து அம்மா எழுந்தார். தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அண்ணியின் மேல் விரித்து, கழுத்துவரை இழுத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"மண்ணுக்குள்ள ரொம்பக் குளிரும்லா" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு தானே மூடியைப் பிடித்தார்.