ஆயில் விளக்கை அணைத்த கதை

எஞ்சினைத் திறந்து வேலை பார்த்துத் திரும்பி வந்த என் கார், போன வாரம் புதுச்சத்திரம் தாண்டியதும் சிவப்பாக ஒரு விளக்கைக் காட்டியது. மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்ணம், அதன் நுனியில் ஒரு சொட்டு. ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஏறவில்லை என்று சொல்லும் அந்த விளக்கிடம் எனக்குப் பழைய பயம் உண்டு. போன் போட்டதும் ஒரு இளைஞர் பைக்கில் வந்து இறங்கினார். சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்து, "பிரஷர் நல்லாதான் சார் இருக்கு, சென்சார் போயிருக்கு" என்று வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம்தான். படித்த மனிதர்கள் எட்டுப் பேர் சேர்ந்து இதே விளக்கைப் பதினோரு நாள் ஆராய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் நான்கு நாள் முழுக்க என்னுடைய கைங்கர்யம்.

அவர் கழற்றிப் போட்ட சென்சாரிலிருந்து சூடான ஆயில் வாசனை வந்தது. அது ஜமாலின் வேன் வாசனை. ஜமாலும் நானும் கடலூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அண்ணாமலை நகரில் எலக்ட்ரிகல் லேப் உதவியாளனாக நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், அவன் ஒரு பழைய டீசல் வேன் வாங்கினான். கடலூரிலிருந்து தினமும் எட்டுப் பேர் அதில் பல்கலைக்கழக வேலைக்குப் போய் வந்தோம். ஆட்கள் முன்னால் என்னைச் "சார்" என்பான். தனியே இருந்தால் "மச்சான்". அந்த வேனில் எஞ்சின் முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே கிடக்கும். கடைசியாக ஏறுகிறவர் அந்த மூடிமேல்தான் உட்கார வேண்டும். சித்திரை மாதத்தில் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இட்லியாக வெந்துவிடலாம்.

ஒருமுறை பேரிங் போய் எஞ்சின் படுத்துவிட்டது. கோதண்டம் மாமா என்று ஜமால் கூப்பிடும் மெக்கானிக், எஞ்சினை இறக்கி, மூன்று வாரம் வைத்திருந்து, பூசணிக்காய் உடைத்து அனுப்பினார். அந்த மூன்று வாரமும் ஜமாலின் மாமனார் துபாயிலிருந்து விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். விசா தயார், வா என்று. ஜமாலுக்குப் போக மனமில்லை. வீட்டில் கைக்குழந்தை.

"புள்ள இப்பதான் என் மொகத்த பாத்து சிரிக்க ஆரம்பிச்சிருக்கு மச்சான். இன்னொரு தடவ எஞ்சின் போச்சுன்னா எனக்குத் துபாய்தான். வேற வழியில்ல."

வேன் திரும்பி வந்த முதல் நாளே விளக்கு எரிந்தது. எஞ்சின் சூடானதும், ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் சிவப்பாகக் கண்ணைத் திறந்துகொள்ளும். கோதண்டம் மாமா ஆயில் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. ஆயில் பிரஷர் குறைந்தால் விளக்கை எரியவிடும் ஸ்விட்சை மாற்றினார். புது ஸ்விட்சிலும் எரிந்தது. "நான் கட்டுன எஞ்சின்ல பிரஷர் இல்லாம போவுமா? ஓட்டு, தானா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு வைத்தியத்தை எங்கள் வேன் ஏற்றுக்கொண்டது. வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஆயிலின் பாகுத்தன்மையைப் பற்றி பி.முட்லூரில் ஆரம்பித்துச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை வகுப்பெடுத்தார். இன்னொருவர் டீசலைச் சந்தேகப்பட்டார். நூலகத்தில் வேலை பார்த்த சரோஜா அம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "செவப்பா எரிஞ்சா நிறுத்தணும்னுதானே அர்த்தம்? சிக்னல்ல நிக்கறோம்ல?" பாவம், அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் சும்மா இருப்பேனா? எலக்ட்ரிகல் ஆள். "ஒயர்தான் எங்கயோ பாடில உரசுது" என்று ஒரு வாரமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் மாலை, கேட்டில் நின்று விளக்கு எரிந்தபோது, நிரூபிக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்தேன். சோதனை எளிது. ஸ்விட்சில் மாட்டியிருக்கும் ஒற்றை ஒயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியும் விளக்கு எரிந்தால் ஒயரில் கோளாறு. அணைந்தால் ஒயர் நல்லது. ஸ்விட்சும் புதுசு என்பதால், உண்மையிலேயே ஆயில் மேலே ஏறவில்லை என்று அர்த்தம்.

பிடுங்கினேன். அணைந்துவிட்டது.

அதாவது நான் தோற்றுவிட்டேன். வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் வேன் முழுக்கக் கைதட்டல். "சார் கை வச்சா சும்மாவா!" என்று ஜமால் கத்தினான். பேராசிரியர் என் முதுகில் தட்டினார். வழியில் நிறுத்தி எனக்கென்று தனியாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்கள். பஜ்ஜி வாயில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒயர் மூடிக்குக் கீழே அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனது. இதற்கிடையில் என் புகழ் வேனை விட்டு இறங்கி டிபார்ட்மெண்டுக்குள் நுழைந்துவிட்டது. துறைத் தலைவரே தன் ஸ்கூட்டரைப் பார்க்கச் சொன்னார். ஜமாலோ, "சாவி போட்டாகூட எரிய மாட்டேங்குது சார், அவ்ளோ சுத்தமா சரி பண்ணிட்டீங்க" என்று பூரித்தான். எஞ்சின் ஓடத் தொடங்குமுன் சாவி போட்டால் அது எரியத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி முந்திரித் தோப்பை ரசித்தேன்.

பதினோராம் நாள் மாலை, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியபோது ஜமால் திரும்பிச் சொன்னான்: "நாளைக்கு வண்டி வராது சார். புள்ளைக்கு நாகூர்ல முடி எறக்கறோம். அம்மா, வீட்ல, எல்லாரையும் வண்டிலயே கூட்டிட்டுப் போறேன்."

கைக்குழந்தையோடு அத்தனை தூரம், அதுவும் ஆயில் ஏறாத எஞ்சினில்.

"ஜமால், வண்டிய நிறுத்து."

"ஒண்ணுக்கா சார்? தோ, முட்லூர்ல நிறுத்தறேன்."

"இப்பவே நிறுத்துடா!"

நிறுத்தினான். மூடியைத் தூக்கி ஒயரைத் திரும்ப மாட்டினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விளக்கு ஜம்மென்று எரிந்தது. நான் செய்ததைச் சொன்னேன். பஜ்ஜியையும் சேர்த்தே சொன்னேன். ஜமால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். பிறகு, முதல் தடவையாக ஏழு பேர் முன்னால் கூப்பிட்டான்.

"மச்சான், நீயெல்லாம் லேப்ல என்னத்தடா கிழிக்கிற?"

எட்டுப் பேரும் பஸ் பிடித்து வீடு போனோம். என் பக்கத்து சீட்டு கடலூர் வரை காலியாகவே வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வேனைக் கட்டி இழுத்து வந்திருந்த ஒர்க்ஷாப்பில் போய் நின்றேன். கோதண்டம் மாமா முனகிக்கொண்டே மீட்டரை மாட்டினார். எஞ்சின் சூடானதும் முள் கீழே படுத்துவிட்டது. அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினால், ஆயிலை உறிஞ்சும் சல்லடை முழுக்கப் பசை, இடியாப்பம் பிழிந்தது மாதிரி. தொட்டியை ஒட்டும்போது அவர் தடவிய பசை உள்பக்கம் பிதுங்கி, அறுந்து, சல்லடையை அடைத்திருந்தது.

"ஒழுகக் கூடாதேன்னு கொஞ்சம் ஜாஸ்தி வச்சேன்" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

பேரிங்கில் லேசாகக் கோடு விழுந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் போயிருக்கும் என்றார். நாகூர் பயணத்தைத்தான் அவர் சொன்னார் என்று எனக்குப் பட்டது. சுத்தம் செய்து பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் முள் துள்ளி எழுந்தது, சூடான பிறகும் இறங்கவில்லை. ஜமால் என்னைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் டீ வந்தபோது ஒரு கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

துபாய் தள்ளிப் போனது. எனக்கு மட்டும் தண்டனை கிடைத்தது. அன்றிலிருந்து எஞ்சின் மூடிமேல் என் இடம் நிரந்தரம். "வெளக்க பாத்துக்கிட்டே வா. எரிஞ்சா சொல்லு. ஒயர்ல கை வச்ச, கைய ஒடிப்பேன்." நாலு வருடம் அப்படி வெந்திருக்கிறேன். அத்தனை நாளும் வேன் ஓடும்போது அது ஒருமுறைகூட எரியவில்லை.

அப்புறம் நான் கார் வாங்கினேன். ஜமால்தான் முதலில் ஓட்டிப் பார்த்தான், நன்றாக இருக்கிறது என்றான். அடுத்த வருடம் பேராசிரியர் வாங்கினார். சரோஜா அம்மா ஓய்வு பெற்றார். எட்டு ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, ஒரு வைகாசியில் வேனை விற்றுவிட்டு ஜமால் துபாய்க்கு விமானம் ஏறினான். அவன் பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. விற்ற அன்றுகூட எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது, வாங்கியவர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. முதலில் இறங்கியவன் நான்.