துரை எழுதிய அரைப் பக்கம்

போன மாதம் ஜைனப் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோலாலம்பூரில் நாங்கள் படித்த ஆங்கில இலக்கியத் துறையின் நடைபாதை. சுவரோரம் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. குவியலின் மேலே, தங்க எழுத்து பாதி உதிர்ந்த கருநீல அட்டை. முதுகலைப் பட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஆய்வேடு. படத்தோடு அவள் குரலும் வந்தது.

"வாசிப்பறைய மூடுறாங்க. பழசெல்லாம் பூவாங்லா, தூக்கி வீசுறாங்க. ஒன் புள்ளையும் இங்க கெடக்குது. வந்து தூக்கிட்டுப் போறியா, இல்ல குப்பைக்குப் போவட்டுமா?"

ஜைனப் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்களின் பெண். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. பிறகு அவள் அங்கேயே விரிவுரையாளராகிவிட்டாள். ஓய்வு பெற்றும் வாரத்துக்கு ஒரு நாளாவது துறைக்குப் போகாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நான் ஈப்போ பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து ஓய்ந்தவள்.

படத்துக்கு வாசனை கிடையாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் பூச்சி உருண்டையும் நமத்த கம்பளமும் பழைய பசையும் கலந்த அந்த வாசிப்பறை வாடை மூக்கில் ஏறிவிட்டது. அந்த அறைக்கு நான் கொண்டுபோன வாடை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் அப்பாவும் அம்மாவும் பால்வெட்டிய தோட்டம். புளித்த ரப்பர்ப்பாலின் வாடை எங்கள் துணிமணியை விட்டுப் போகாது. விடுதியில் முதல் நாள் நான் பெட்டியைத் திறந்ததும் ஜைனப் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். மறுநாள் ஒரு டப்பா பவுடரை வாங்கித் துணியெல்லாம் கொட்டினேன். அதன்பிறகு பவுடர் போட்ட ரப்பர்ப்பால் வாடை அடித்தது. அவள்மேலும் மசாலா வாடைதான், ஆனால் அது பசியைக் கிளப்பும்; அதனால் அவளை யாரும் குறை சொல்லவில்லை.

படித்ததெல்லாம் பனியும் வசந்தமும். பனி பெய்யும் ஒரு கவிதையைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில், என் மனக்கண்ணில் பெய்தது பீடோர் சந்தையில் ஐஸ் கச்சாங் விற்பவர் சீவிப்போட்ட ஐஸ்தான். சிவப்புச் சர்பத்து ஊற்றாத ஐஸ். அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

முதுகலைக்குப் போனபோது என் மேற்பார்வையாளர் டாக்டர் லிம், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் சொந்த நாடு திரும்பிய பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உனக்குத் தெரிந்த இடம்" என்றார். எனக்கு விருப்பமில்லை. தெரிந்த இடத்திலிருந்து தப்பித்து வரத்தானே ஆங்கில இலக்கியம் எடுத்தேன்! ஆனால் மறுத்துப் பேசும் தைரியம் அந்த வயதில் இல்லை.

வாசிப்பறையில் பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதில் பச்சைத் துணி அட்டை போட்ட ஒல்லிப் புத்தகம். யாரோ ஒரு துரை தன் கைக்காசில் அச்சடித்தது. மூன்றாவது அத்தியாயத்தில் எங்கள் ஆற்றின் பெயர் வந்தது. அடுத்து, குன்றின்மேல் இருக்கும் பங்களா. அடுத்து, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை. எங்கள் தோட்டமேதான்.

குட்டையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். பால்வெட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப்பெண் பங்களா வேலைக்கு வந்தாளாம். சில மாதத்தில் அந்தக் குட்டையில் பிணமாகக் கிடந்தாளாம். அதன்பிறகு ஆட்கள் குட்டையோர நெரைகளில், அதாவது அங்கே வரிசையாக நின்ற பால்மரங்களில், வெட்ட மறுத்தார்களாம். அவர்களுடைய மூடத்தனத்தைத் தெளியவைக்க, ஒரு விடியற்காலை அவரே தனியாக அந்த நெரை வழியே நடந்திருக்கிறார். பாதி வழியில், பக்கத்து நெரையில் யாரோ கூடவே நடந்து வந்தார்களாம். அவர் நின்றால் அந்தக் காலடியும் நின்றதாம். திரும்பிப் பார்க்காமல் பங்களாவுக்கு வந்து விஸ்கி குடித்தாராம். அடுத்த பத்தி டென்னிஸ் பற்றியது.

குட்டையோர நெரைதான் அம்மாவின் நெரை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். நெரைக்குள் நுழையுமுன் அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். களைப்பு என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பெரிய புதையல் எடுத்தவள் மாதிரி நான் கதையைச் சொன்னேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இத அப்பாகிட்ட படிக்காத."

"ஏம்மா?"

"அது அவரு மொத பொண்டாட்டி."

அப்பாவுக்கு இன்னொரு மனைவி இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. எப்படிச் செத்தார்கள் என்று கேட்டேன். "வுழுந்தாளோ, குதிச்சாளோ. தொரை வீட்டுலேர்ந்து திரும்பி வந்த மறுநாளு. அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்றாள் அம்மா.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. டாக்டர் லிம் வேறு, "இதுதான் உன் ஆய்வின் இதயம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"அப்பா, ஒரு பழைய தொரை நம்ம தோட்டத்தப் பத்தி எழுதியிருக்கான்."

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "அவளப் பத்தியா?" என்றார்.

ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கிப் படித்தேன். கேலியாக எழுதியிருந்த இடங்களை விட்டுவிட்டேன். முடித்ததும் கேள்விகளை ஆரம்பித்தேன். எந்த வருசம்? யார் முதலில் பார்த்தார்கள்? போலீஸ் வந்ததா? பங்களாவில் என்ன வேலை? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விடியலில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது கை தூக்குகிறவர் மாதிரி சொன்னார். நான் நாலு பக்கம் எழுதினேன்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "அவ மூஞ்சி எப்புடி இருந்துச்சின்னு எழுதியிருக்கானா?"

எழுதவில்லை. முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"எழுதியிருக்கான்பா. லட்சணமான முகம்னு எழுதியிருக்கான்."

"ம்" என்றார். "எனக்கு மறந்து போச்சு."

அத்தியாயம் பிரமாதமாக வந்தது. துரையின் பக்கத்து நெரையில் நடந்தது அவருடைய குற்றவுணர்ச்சிதான் என்று நிரூபிக்க எத்தனை கோட்பாடுகள், எத்தனை அடிக்குறிப்புகள்! வீட்டுக் கதை தெரிந்த ஜைனப் அதைப் படித்துவிட்டு, "இது யாருன்னு எழுதலையே நீ" என்றாள். ஆய்வில் சொந்தக் கதைக்கு இடமில்லை என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பரிசோதகராக வந்திருந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். அந்த அத்தியாயத்தை வெகுவாகப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"பதிவுகளில் இல்லை" என்றேன். பொய்யில்லை, பதிவுகளில் இல்லைதான். அவர் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார். நான் தேறினேன். வெளியே ஜைனப் பிரியாணியோடு காத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. வருசம் கேட்டேன், போலீஸ் கேட்டேன், பங்களாவில் எத்தனை அறை என்றுகூடக் கேட்டேன். பேரைக் கேட்கவில்லை.

அன்றைக்கே பீடோருக்கு பஸ் ஏறினேன். அப்பா எங்கள் லயத்து வீட்டு வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவங்க பேரு என்னா?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பொஸ்தகம் எழுதி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்பொறம் என்னாத்துக்கு?"

உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. மறுவருசம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் கேட்டேன். "நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே அந்தப் பேர யாரும் வாய்ல எடுக்கறதில்ல. நானும் கேக்கல. கேட்டா உள்ள வந்துருவாளோன்னு பயம்" என்றாள்.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். ஆபீஸ் காகிதங்களை லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். குட்டையைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். சன்னல்தோறும் திரை தொங்க, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற தெரு இப்போது அது. கோவில் இடம் மாறியது. இடுகாட்டில் எந்த மேடு யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அம்மாவும் போய்விட்டாள்.

ஆய்வேடு வேண்டாம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பு என்று ஜைனப்பிடம் சொன்னேன். அனுப்பினாள். 'பெயர் தெரியாத ஒரு பால்வெட்டுப் பெண்' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். துரையாவது வெறுமனே 'ஒரு பெண்' என்று விட்டிருந்தார். நான் பெயர் தெரியாததை ஒரு தகவலாக ஆக்கியிருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் நடந்தால் பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. இந்த வயதில் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தெரிந்தவர்களிடமெல்லாம் போன் போட்டு விசாரித்ததில், எங்கள் தோட்டத்துப் பழைய ஆள் ஒருவர் ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. பாக்கியம் அம்மா. எண்பதைத் தாண்டியவர். அந்தச் சாவு நடந்தபோது பத்து வயதுச் சிறுமி. போன வாரம் போனேன். அப்பாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கொளத்துல கெடந்தவங்களா? ஏன் தெரியாது! எங்க லயத்துக்கு அடுத்த லயம். பங்களாவுலேர்ந்து எங்களுக்கு பிஸ்கோத்து கொண்டாந்து குடுப்பாங்க."

"அவங்க பேரு ஞாபகம் இருக்காம்மா?"

"பேரா..." கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது.

"நாங்கல்லாம் அக்கான்னுதான் கூப்புடுவோம்லா. அக்கான்னா போதும், திரும்பிப் பாப்பாங்க." அவர் முகம் தெளிந்தது. "ஆனா ஒன்னு, சீட்டி அடிப்பாங்க. ஆம்பளையாட்டம். பால் வெட்டிக்கிட்டே அடிப்பாங்க, காடு முழுக்கக் கேக்கும். எந்த நெரையில நிக்கிறாங்கன்னு அத வச்சே சொல்லிரலாம். எப்புடின்னு கேளு..."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லில்லாத வாயைக் குவித்து ஊதினார். ஒரு முறை, இன்னொரு முறை. வெறும் காற்றுதான் வந்தது.