மாதாவுக்குக் காட்ட வேண்டிய கால்

என் அண்ணன் மனைவி நீமியாவுக்கு மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு இடது காலில் நரம்புகள் மண்புழு போலப் புடைத்தன. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும், செருப்பு வார் பதிந்த இடம் குழிந்தே கிடக்கும். விடியுமுன் மண் அடுப்பின் முன்னால் நின்று சீப்பா சுடுவாள். பிறகு கூடையோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்குப் பிழைப்பு இந்தப் பாலாடைக்கட்டி ரொட்டிதான். இதில் காலை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துத் தடித்தபோது, அடுப்புப் புகை என்றாள்.

"புகை ஒத்தக் காலத் தேடிப் பிடிச்சு ஒட்டுமா அண்ணி?"

"உனக்கு வாய்தான் வீங்கியிருக்கு ருஃபினா. மொதல்ல அதுக்கு வைத்தியம் பாரு."

அந்தக் கறுப்பில்தான் கூடை விளிம்பு கீறியது. நகத்தளவு கீறல். ஆறவில்லை, அகலமானது. கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கொட்டினாள், சர்க்கரை வைத்தாள், இலை அரைத்துப் பூசினாள். காற்றுப் பட்டால் காயும் என்று திறந்தே போட்டாள். ரொட்டி வாசனையை மீறி நாற்றம் வந்த பிறகுதான் என்னோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள்.

நர்ஸ் சுல்மா பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள்.

"கீழ ரத்தம் நல்லாத்தான் வருதுக்கா. மேல திரும்பிப் போறதுதான் தகராறு. குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு, அது கெட்டுப்போச்சு. ஏறுன ரத்தம் மறுபடி இறங்கிக் கணுக்கால்ல தேங்குது. தேங்குற வரைக்கும் எதைக் கொட்டினாலும் ஆறாது."

புண்ணைக் கழுவி, விரல் அடியிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டினாள். நட, ஆனால் ஒரே இடத்தில் நிற்காதே. நேரம் கிடைத்தால் படுத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்து என்றாள். கெட்ட குழாயை அடைக்க நகரத்து மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுத்தாள். கணுக்கால் ஓரத்தில் இருந்த நீலக் கொப்புளத்தை என்னிடம் காட்டினாள்.

"இது உடைஞ்சா வலிக்காது, ரத்தம் மட்டும் பீறிடும். ஒடனே படுக்க வச்சு, காலத் தூக்கி, அமுக்கிப் பிடிக்கணும்."

மாதக்கணக்கில் கட்டு மாற்றி மாற்றி, நவம்பரில் புண் மூடியது. கட்டுக்குப் பதிலாக முழங்கால்வரை ஏறும் இறுக்கக் காலுறை ஒன்றைக் கொடுத்தாள் சுல்மா. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. நீமியா நகரத்துக்குப் போகவில்லை. கால் ஆறினால் டிசம்பர் திருவிழாவுக்கு நடந்துவந்து வெறுங்காலைக் காட்டுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தாளாம். எல்லாம் அதற்குப் பிறகுதானாம்.

வழி முழுக்க இறுக்கக் காலுறையோடுதான் நடந்தாள், ஒன்றும் ஆகவில்லை. கோயில் சதுக்கத்தில் நுழைந்ததும் குனிந்து அதைக் கழற்றினாள்.

"வேணாம் அண்ணி. பூசை முடிய மத்தியானம் ஆயிடும்."

"உறையோட நின்னா மாதா உறையத்தான் பாப்பா."

தோளோடு தோள் நெருக்கிய கூட்டம், தலைக்கு மேல் வெயில். உட்காரச் சொன்னேன். பூசையில் எவளாவது உட்காருவாளா என்று முறைத்தாள். அவள் கணுக்கால் வீங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரசங்கத்தின் நடுவில் என் பாதம் நனைந்தது. யாரோ குடிக்கக் கொண்டுவந்த குளிர்ந்த மூலிகைத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அது சூடாக இருந்தது.

நீலக் கொப்புளம் உடைந்தது அவளுக்குத் தெரியவேயில்லை. முகம் வெளுத்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஒருவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்கு மேல் கட்டப் பார்த்தார். "நிக்க வைங்க, காத்து வரட்டும்" என்று இரண்டு பேர் அவளைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"வுடுங்கய்யா, நிக்க வச்சே கொன்னுடுவீங்க" என்று அவளைக் கீழே இழுத்துப் போட்டேன். காலை என் தோளில் ஏற்றி, என் தோள் துணியைச் சுருட்டி அந்த இடத்தில் அமுக்கினேன். ரத்தம் நின்றது. பூசை முடியுமுன்பே ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது.

உயிர் பிழைத்தாள். புண் திரும்பவும் திறந்து, உள்ளங்கை அளவுக்கு வந்து, இந்த வருடம்தான் மூடியிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். காலையில் அவள் பாதம் தரையில் படுமுன் நானே காலுறையை மாட்டிவிடுகிறேன். நேற்று மாட்டும்போது என் கையைப் பிடித்தாள்.

"பீடத்துக்கிட்டப் போறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டீங்களே ருஃபினா. அவ இன்னும் என் காலப் பாக்கல."

டிசம்பர் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.