வெள்ளைத் தாவணியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

"பொஸ்தகத்துல எழுதிக்கீறது நம்ம கெணத்துக்கு எப்பிடிடி தெரியும்?" என்று கேட்டாள் அடுத்த வீட்டிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா. அன்று சனிக்கிழமை. என் கையில் விஞ்ஞானப் புத்தகம், அடுப்பில் ஒரு தவலைத் தண்ணீர்.

கடப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் தெருவுக்கு ஒரே கிணறு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால்போலத் துணுக்குத் துணுக்காக மிதந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அம்மா எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் என் வெள்ளைத் தாவணி சாம்பல் நிறமாகத்தான் காயும். முந்தின நாள் பிரேயரில் டீச்சர் என்னை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தி, "உங்க தெருவுல சோப்பே போட மாட்டீங்களா? திங்கட்கிழமை வெள்ளையா வா. இல்லன்னா வராதே" என்றார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "வர வேணாம்னா வுட்டுடு. மல்லாக்கொட்டை புடுங்க ஆள் தேடிகினுகீறாங்க."

கடின நீரைக் கொதிக்க வைத்தால் சரியாகும் என்று பாடத்தில் இருந்தது. அம்மா ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த சவுக்கு மிளாறு முழுவதையும் எரித்தேன். தவலைக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை படிந்தது. ஆற வைத்து சோப்பைத் தேய்த்தேன். அதே துணுக்கு.

"இன்னா டீச்சரம்மா, தண்ணி பாஸா பெயிலா?" என்று அத்தை சிரித்தாள்.

"வுடு அண்ணி, வெறவுதான போச்சி" என்றாள் அம்மா. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாருமில்லை. புத்தகத்தையே மறுபடி எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினால், கொதித்தாலும் போகாத கடினத்தன்மை ஒன்று உண்டு, அதற்குச் சலவை சோடா வேண்டும் என்று இருந்தது. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு முழு விறகையும் எரித்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பாய் கடையில் சலவை சோடா வாங்கி வந்து வாளித் தண்ணீரில் கரைத்தேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது.

"கெட்டுப்போச்சி, கொட்டுடி" என்று அத்தை வாளியைச் சாய்க்க வந்தாள்.

"வாளி மேல கைய வெச்சிப் பாரு அத்த!"

மதியம்வரை தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு சோப்பைத் தேய்த்தேன். நுரை முழங்கைக்கு ஏறியது. அத்தை தன் வீட்டுக்குள் போய் மாமாவின் வேட்டியைக் கொண்டுவந்து என் வாளிக்குப் பக்கத்தில் போட்டாள்.

மூன்று முறை துவைத்ததில் தாவணி வெளுத்தது. "இது போதும், நாளைக்குப் போ" என்றாள் அம்மா. எனக்குப் போதவில்லை. இந்த வெள்ளையைப் பார்த்தால் டீச்சர் என்ன நினைப்பார்? இவர்கள் நேற்றுத்தான் சோப்பு போட்டார்கள் என்றுதானே?

திங்கட்கிழமை இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் கிணற்றில் மொண்ட தண்ணீர், மற்றதில் தெளிந்த தண்ணீர். கூடவே, அம்மா தினமும் தேய்த்துத் தேய்த்து இலைபோல மெலிந்துவிட்ட சோப்பு. முதல் மணி அடிக்கும் முன், யாரையும் கேட்காமல், மூன்றையும் டீச்சரின் மேசைமேல் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.