தன் அகவணக்கத்திற்குத் தானே வந்து நின்றவன்

"வீரணன் தவறிட்டான் மாப்ள. இந்தத் தடவ கன்ஃபார்ம்."

சென்ற வாரம் நம் ஒன்றுகூடல் குழுவின் தலைவர் செல்வக்குமார் தொலைபேசியில் என்னிடம் சொன்ன சொற்கள் இவை. இறப்புச் செய்தியில் 'இந்தத் தடவை' என்றொரு சொல் இடம்பெறும் பேறு, நானறிந்தவரை வீரணன் ஒருவனுக்கே வாய்த்தது. வழங்கிய வள்ளல்கள் நாம். நாகபுரியில் தன் முறுக்குக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். அவன் மகன் சொல்லியிருக்கிறான்.

தலைவர் அடுத்த மூச்சிலேயே வேலைக்கு வந்துவிட்டார். "ஞாயித்துக்கெழம ஸ்கூல்லயே இரங்கல் கூட்டம் போட்ருவோம். போன வருசத்து ஃப்ளெக்ஸு என் கம்பெனியிலதான் கெடக்கு. அவன் கட்டம் மட்டும் ஓட்டையா இருக்கு. ஒன்ட்ட அவன் போட்டோ இருக்குல்ல? அனுப்பு, ஒட்டிருவோம்."

அந்த ஓட்டை எப்படி வந்தது என்பதை, வகுப்புத் தோழர்களே, நீங்கள் மறந்திருப்பீர்கள். மறதியில் நீங்கள் வல்லவர்கள். ஆகவே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டவன் வீரணன். முறுக்குச் சுடும் வேலைக்காக வடக்கே சென்ற ஊர்க்காரர்களோடு சரக்குந்தில் ஏறிப்போனான். நம் வகுப்பின் ஒன்றுகூடலைப் பற்றிச் சென்ற ஆண்டு அவன் அறிந்ததும் நம்மால் அன்று. கடைக்கு வந்த உசிலம்பட்டி ஓட்டுநர் ஒருவர் வாய்வழியாக. அன்று மாலையே தன் பழைய ஈருருளியின் பின்னால் முறுக்குத் தகரம் ஒன்றைக் கட்டினான். தனியே கிளம்பினான். கர்னூலில் எரிபொருள் நிலையத்தில் படுத்தான். அனந்தப்பூரில் மழையில் நனைந்தான். தருமபுரி அருகே அறுந்த சங்கிலியைத் தானே மாட்டினான். தொடர்வண்டியில் வந்திருக்கலாமே என்று பின்னர் நான் கேட்டேன்.

"போகும்போது லாரி மேல மூட்டையோட மூட்டையாப் படுத்துக்கிட்டுப் போனேன் மாப்ள. வானந்தான் தெரிஞ்சுச்சு. வரும்போதாவது ரோட்டப் பாத்து வரணும்ல?"

எதற்காக வந்தான்? உங்கள் விருந்துக்கா? அவன் சுட்ட முறுக்கை நீங்கள் தின்றீர்கள். உங்கள் இலையில் அவன் கை வைக்கவில்லை. கணக்கு ஐயா வருகிறார், பழைய வகுப்புப் போலவே பெயர் வாசிக்கப் போகிறார் என்று அந்த ஓட்டுநர் சொல்லியிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன வகுப்பில் ஒருமுறை எழுந்து நின்று விடை சொல்லிவிட வேண்டும். அவ்வளவே அவன் வேட்கை.

அவன் பள்ளி வாயிலில் வண்டியை நிறுத்தியபோது நாம் மறைந்தோருக்கான அகவணக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். புழுதி படிந்த அந்த மனிதன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி வரிசையில் வந்து, யாருக்கென்று கேளாமல், நம்மோடு தலைகுனிந்து நின்றான். நிமிர்ந்தபோது எதிரே பதாகை. 'மறைந்த எம் தோழர்கள்.' இரண்டாம் கட்டத்தில், ஒன்பதாம் வகுப்புக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருக்கிய அவன் முகம். அதன்மேல் மாலை.

"அடப் பாவிகளா," என்றான். "எனக்கு நானே எந்திரிச்சு நின்னிருக்கேன்டா!"

நீங்கள் சிரித்தீர்கள். எவரேனும் நாணினீர்களா? வீரணன் செத்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாட்சப் என்று வழங்கும் புலனக் குழுவில் அவன் எண் இல்லை. எண் இல்லாதவன் பிணம். உங்கள் ஆராய்ச்சி அத்துடன் நிறைவுற்றது. காலை வணக்கப் படம் அனுப்பாதவனுக்கு உயிர் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் உங்களால் இயலவில்லை.

அவன் தலைவரிடம் போய்க் கேட்டான். "அண்ணே, அந்தப் படத்த எடுத்துருங்கண்ணே. கண்ணுக்கு நல்லால்ல." கப்பலூரில் ஆலை வைத்திருக்கும் வகுப்புத் தோழனைக் கடைக்காரன் 'அண்ணே' என்றான், அவரும் அதைத் திருத்தவில்லை. "வீடியோ ஓடிக்கிட்டிருக்குப்பா. விழா முடியட்டும், பாப்போம்," என்றார்.

கணக்கு ஐயா, குழு எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணருகே வைத்துப் பெயர்களை வாசித்தார். விசுவநாதன் என்றார். அடுத்து வேலுச்சாமி என்றார். இரண்டுக்கும் நடுவே வர வேண்டியவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

"உள்ளேன் ஐயா!"

"யாருப்பா அது?"

"வீரணங்கய்யா."

"ஒம் பேரு இதுல இல்லையேப்பா."

"இல்லதாங்கய்யா. அந்தா, மேல தொங்குது பாருங்க."

ஐயா பதாகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு எழுதுகோலைக் கேட்டு வாங்கித் தாளில் ஏதோ எழுதினார். "வந்துட்டேல்ல, உக்காரு," என்றார். அந்த அவையில் மனிதனாக நடந்துகொண்டவர் அவர் ஒருவரே.

பொன்னாடையும் அவனுக்கு இல்லை. இருப்பவர்களுக்கென்றே எண்ணி வாங்கியிருந்தீர்கள். "ஒனக்குத்தான் மாலையே போட்டாச்சேப்பா!" என்றார் தலைவர். அதற்கும் கைதட்டினீர்கள். இருப்பவனுக்கு மாலையும் சாத்தி, அதையே நகைச்சுவையாக்கிக் கைதட்டலும் பெறும் திறம் நம் வகுப்புக்கே உரியது.

விழா முடிந்தது. 'பாப்போம்' என்ற தலைவர் மகிழுந்தில் ஏறிப் போயே விட்டார். வீரணன் நாற்காலி போட்டு ஏறினான். மாலையைக் கழற்றி வண்டியின் முகப்பு விளக்கில் சூட்டினான். "என்னைய உசுரோட கொண்டாந்தது இதுதான. இதுக்குப் போடுறேன்." பிறகு தகரத்தின் கயிறு அறுக்கும் கத்தியால் தன் கட்டத்தை மட்டும், பக்கத்துப் படங்களில் கீறல் விழாமல், சதுரமாக அறுத்தெடுத்தான். வண்டியின் இருக்கை கிழிந்து பஞ்சு தெரிந்தது. அறுத்த சதுரத்தை மடித்து அதன்மேல் போட்டுக் கட்டினான்.

"மழைக்கு நல்லது மாப்ள. அம்புட்டுத் தூரமும் எம்மேல நானே உக்காந்து போறேன். வேற எவனும் உக்கார வேணாம்."

அப்போது எடுத்த படம்தான் என்னிடம் இருக்கிறது. வண்டியில் அமர்ந்து பல் தெரியச் சிரிக்கிறான். தலைவர் கேட்பது அதைத்தான்.

தர மாட்டேன்.

செத்ததாக நீங்கள் சொன்ன நாளில் தன் முகத்தை உங்களிடமிருந்து மீட்டுக்கொண்டு போனவன் அவன். மெய்யாகவே செத்த பிறகு அதைத் திரும்ப உங்கள் கையில் ஒப்படைக்க நான் யார்? பதாகையைக் கட்டுங்கள், ஓட்டையோடு கட்டுங்கள். அந்தச் சதுரத்தின் வழியே பள்ளிக்கு எதிரே உள்ள சமணர் மலையும் அதன் அடியில் அவன் வந்து திரும்பிய சாலையும் தெரியும். அதைவிடச் சிறந்த படம் அவனுக்கு இல்லை.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரல். பெயரை விட்டுவிட்டு வாசித்த அவையில், அழைப்புக்குக் காத்திராமல் எழுந்து விடைசொன்ன குரல்.

ஞாயிறன்று நான் வருவேன். பெயர்களை நான் வாசிப்பேன். வீரணன் பெயரை முதலில் வாசிப்பேன். அப்போது நீங்கள் எவரும் எழுந்து நிற்க வேண்டாம். அவனுக்காகச் சென்ற ஆண்டே நின்றுவிட்டீர்கள்.