எட்டு வரி வரைக்கும் சொன்ன ஜாதகப் பெட்டி

சாரல் காலத்தில் அந்தப் பெட்டி தினமும் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில், சீசனுக்கென்று எங்கள் முதலாளி போட்டிருந்த தகரக் கொட்டகையில் அது நின்றது. ஆள் உயர மர அலமாரி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடித் திரை, இடுப்பு உயரத்தில் எழுத்து தட்டும் பலகை, பக்கத்தில் காகிதம் துப்பும் மிஷின். கம்ப்யூட்டர் உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்தது. வெளியே சிவப்பு எழுத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று எழுதியிருக்கும். எண்பதுகளின் கடைசி அது.

அதற்கு முன்னால், எழுபதுகளிலிருந்தே, தென்காசியில் அதே முதலாளியின் மைக் செட் கடையில் இருந்தேன். கல்யாண வீடுகளில் ரிக்கார்டு போடுகிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆட்களிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால்தான் முதலாளி என்னைப் பெட்டியிடம் விட்டார்.

"ஏலே, இதுகிட்ட நீ பேசவே வேண்டாம். தட்டுனா போதும்" என்றார்.

காலையில் கொட்டகையின் படுதாவை விலக்கும்போது மலை இருக்காது. மேகம் சாலை வரைக்கும் இறங்கியிருக்கும். அருவியின் சத்தம் மட்டும் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் வந்துகொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டால் பெட்டி ஒரு முறை கூவிவிட்டு, தனக்கு எதுவும் நினைவில்லை என்று இங்கிலீஷில் சொல்லும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு, அதுதான் அதன் ஞாபகம், ஈரத்தில் அது இறங்கிவிடுகிறது என்று மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் சொல்லியிருந்தார். ஒரு விசையை அழுத்தினால் நீலத் திரை வரும். அதில் தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்று இருக்கும். தினமும் அதே தேதி. இத்தனை வருஷமும் நடக்கவே இல்லை என்பதுபோல் அது எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மயக்கமாக இருக்கும். சில நாள் உடனே மாற்றாமல் கொஞ்ச நேரம் அந்த வருஷத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

தேதியைச் சரிசெய்த பிறகு ஹார்டு டிஸ்க். அந்த வரியில் ஒன்றும் இல்லை என்று இருக்கும். உனக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது, அது இன்ன வகை என்று சொல்லவேண்டும். வகைக்கு ஒரு நம்பர். எங்கள் டிஸ்க்குக்கு இரண்டு. விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒன்று வரும், மறு தரம் அழுத்தினால் இரண்டு. பக்கத்தில், தட்டில் எத்தனை வட்டம், படிக்கும் முள் எத்தனை என்ற கணக்கும் கூடவே மாறும். நம்பர் ஒத்துப்போனால்தான் உள்ளே இருக்கிற நட்சத்திரமும் ராசியும் பேசும்.

எதிர்ச்சாரியில் ஒரு பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து, இலத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். என்னைப்போல அவளுக்கும் முப்பது தாண்டியிருந்தது. மழை வலுத்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டகைக்குள் வருவாள். இரண்டு சீசன் அப்படி வந்தாள். நான் பேசியது எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. ஆனாலும் எப்படியோ இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, கல்யாணப் பேச்சும் ஆரம்பமானது.

தடை ரஜ்ஜுவில் வந்தது. பத்துப் பொருத்தத்தில் ஒன்பதாவது அது. தாலி நிலைக்குமா என்று பார்க்கிறது. ஒரு ஜோசியர் ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு என்றார். இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். அவளுடைய அண்ணன், செங்கோட்டையில் மரக்கடையில் இருந்தவர், யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மனுஷனுக்கு வேண்டியவன் வேண்டாதவன் உண்டு, மிஷினுக்குக் கிடையாது. அது சொல்லட்டும். உண்டென்றால் ஆவணியில் கல்யாணம், இல்லையென்றால் இந்தப் பேச்சே கிடையாது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு காலை அண்ணனும் அவளும் வந்தார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"வே, மாப்ளை நீரு. பொட்டியும் உம்ம பொட்டி. அதனால நீரு தொடப்படாது. தள்ளி நில்லும், நான் தட்டுதேன்."

"எழுப்பி மட்டும் குடுத்துருதேன் அண்ணாச்சி. காலைல எல்லாம் மறந்துபோயிரும் இதுக்கு."

"பெறகென்ன, உமக்கு ஏத்த பொட்டிதான். எழுப்பும். எழுப்பிட்டு வெளிய வாரும்."

அவள் எனக்குப் பின்னால் நின்றாள். ஈரச் சேலையின் வாசனையும் பழத்தின் வாசனையும் கலந்து வந்தன. என் விரல் எதை அழுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. பெட்டி திறந்துகொண்டது. நான் சாரலில் போய் நின்றேன்.

அவர் ஒற்றை விரலால் நட்சத்திரங்களைத் தேடித் தேடித் தட்டினார். மிஷின் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வரியாக அவர் சத்தமாக வாசித்தார். தினம் உத்தமம். கணம் மத்திமம். ராசி வந்தது, வசியமும் வந்தது. எட்டு வரி அடித்தது. அதோடு நின்றுவிட்டது. திரையில், டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி இங்கிலீஷ்.

"என்னவே, சரியா அந்த எடத்துல நிக்குது?"

"ஈரமா இருக்கும் அண்ணாச்சி."

"ஈரம் எட்டு வரிக்கு வராம ஒம்பதாவதுக்குன்னு பாத்து வருமோ?"

உள்ளே வந்து பெட்டியை அணைத்துப் போட்டு, நீலத் திரைக்குப் போய்ப் பார்த்தேன். டிஸ்க் வரியில் ஒன்று என்று இருந்தது. ஒரு தரம்தான் அழுத்தியிருக்கிறேன். ஒன்றாம் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் மற்ற கணக்கெல்லாம் ஒன்றுதான், வட்டம் மட்டும் பாதி. அதனால் பெட்டி சந்தேகப்படாமல் பாதி தூரம் வந்திருக்கிறது. மாற்றப் போனேன். விரல் விசையிலேயே அழுந்தி நின்றுபோய் நம்பர் இருபது, முப்பது என்று ஓடிவிட்டது. இறக்கிக்கொண்டு வந்தேன். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி இருந்தார்.

"ஒண்ணுன்னு இருந்துச்சு. இப்ப முப்பதுங்குது. ஒத்துக்கிடுத வரைக்கும் மாத்திக்கிட்டே இருப்பீரோ?"

"இல்ல அண்ணாச்சி..."

"மாத்தி மாத்தி வச்சு கடைசில அது பொருத்தம்னு சொன்னா, அது பொட்டி சொன்னதா, நீரு சொன்னதா? இது செல்லாதுவே. கெளம்புட்டி, போவம்."

அவள் கீழே வைத்திருந்த கூடையைத் தூக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"அண்ணாச்சி, அது நம்ம நம்பர் இல்ல. உள்ள ஒரு தட்டு சுத்துது, ரிக்கார்டு மாதிரி. அதுல எத்தன வட்டம்னு பொட்டிக்குச் சொல்லணும். நான் கொறச்சுச் சொல்லிட்டேன். பாதி ரிக்கார்டுல முள்ளு நின்னுட்டு. மிச்சப் பாட்டு உள்ளதான் இருக்கு."

அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாட்டு இருக்குவே. என்ன பாட்டுன்னுதான கேக்குதேன்."

அப்போது அவள் பேசினாள். "அண்ணே, மனுசரு ரெண்டு பேரு ஆளுக்கொண்ணு சொன்னாக. இது பாதில நிக்குது. இனிமே யாருகிட்ட போய்க் கேக்கப் போற?"

"என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்ட கேளு."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகத்துக்குள் அருவி விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஈரத் துண்டை உதறிக்கொண்டு போனார்கள்.

"சரி, சொல்லு" என்றார், திரும்பாமலே.

"எட்டு போதும்" என்றாள்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் திரையைப் பார்த்தேன். நம்பர் இரண்டில் வந்து நின்றிருந்தது. அவர் காகிதத்தைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "ஆவணிக்கு லீவு சொல்லி வையும்" என்றார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு நடந்தாள். பாதி வழியிலேயே மேகத்துக்குள் மறைந்துவிட்டாள்.

பெட்டி இப்போது தடையில்லாமல் திறந்தது. பெண் நட்சத்திரம் என்று கேட்டு வெறும் கட்டம் ஒன்று மின்னியது. அவளுடையது எனக்கு மனப்பாடம். கொஞ்ச நேரம் அந்த மினுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை துவட்டாத ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களுடைய நட்சத்திரத்தைக் கேட்டுத் தட்டினேன்.

ஆவணியில் இலஞ்சிக் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. சீசன் முடிகிறவரை தினமும் காலையில் பெட்டிக்கு இரண்டு, இரண்டு என்று சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாவது வரி உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைக் கேட்டுச் சொன்னேன். எங்களுக்குக் கேட்கவில்லை.